மூன்று மாதத்தில் மூன்று முறை, ஒரே ஈ.கோலை: கிருமி புராஸ்டேட்டில் பதுங்கியிருக்கிறதா?

(இணையத் திரி ஒன்றிலிருந்து. பேசுபவர்கள் எல்லோரும் புனைபெயரில்.)

மாத்திரைப்பெட்டி:
58 வயது ஆண், சர்க்கரை நோய் உண்டு. கிளிமிபிரைடு (சர்க்கரை மாத்திரை), டெல்மிசார்டன் (ரத்த அழுத்த மாத்திரை) எடுக்கிறார். மூன்று மாதத்தில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு. மூன்று கல்ச்சரிலும் (சிறுநீரில் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, எந்த மருந்துக்குக் கிருமி கேட்கும் என்று காட்டும் சென்சிடிவிட்டி பட்டியலும் அச்சு அசலாக ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி. இரண்டு வேளை, 7 நாள். மூன்றாம் நாளே எரிச்சல் போய்விடும். நிறுத்தி இரண்டு வாரத்தில் திரும்ப வரும். காய்ச்சல் இல்லை. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே மந்தமான வலி. ரிப்போர்ட்டில் அந்த மருந்துக்கு நேரே 'எஸ்' (கிருமி கேட்கும்) என்றுதான் இருக்கிறது. பிறகு ஏன் தீரவில்லை? பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்கப் பார்க்கும் ரத்தச் சோதனை) வேறு 9.2. பயாப்சிக்கு அனுப்ப வேண்டுமா?

அகார்தட்டு:
இந்த மருந்துக்கு 'எஸ்' என்பது சிறுநீரில் சேரும் அளவை வைத்துச் சொல்வது. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில்தான் குவியும், புராஸ்டேட் சுரப்பித் திசுவுக்குள் போதிய அளவு போகாது. அதனால் சிறுநீர்ப்பை சுத்தமாகிறது, எரிச்சல் அடங்குகிறது. சுரப்பிக்குள் இருக்கும் கிருமி மாத்திரை நின்றதும் மறுபடி இறங்குகிறது. புதுத்தொற்று என்றால் மூன்று முறையும் ஒரே கிருமி, ஒரே பட்டியல் வருவது அபூர்வம்.

உறுதி செய்ய இரண்டு குப்பி சோதனை போதும். 1968-இல் மியர்ஸும் ஸ்டேமியும் எழுதிய நான்கு குப்பி முறையை இப்போது யாரும் பொறுமையாகச் செய்வதில்லை. முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி வெறும் தண்ணீரில் கழுவி, முதல் நீரை விட்டுவிட்டு நடுநீரை ஒரு குப்பியில் பிடிக்க வேண்டும். பையைக் காலி செய்துவிடக் கூடாது. பிறகு மலக்குடல் வழியாக இரு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கிச் சுரப்பியை அழுத்திவிட்டு, உடனே வரும் முதல் 10 மி.லி.யை மட்டும் இரண்டாவது குப்பியில். தப்பு நடப்பது இங்கேதான்: குப்பி நிறைய பிடித்தால் சுரப்பி நீர் கரைந்து எண்ணிக்கை விழுந்துவிடும். இரண்டாவதில் முதல் குப்பியைவிடக் கிருமி பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் சுரப்பிதான் ஊற்று.

பையிலேயே கிருமி நிறைந்திருந்தால் இரண்டு குப்பியும் ஒரே மாதிரி காட்டும். அப்போது இரண்டு மூன்று நாள் அதே நைட்ரோஃபுரான்டாயினைக் கொடுத்துப் பையைச் சுத்தம் செய்துவிட்டுச் சோதிக்கலாம். சுரப்பியைத் தொடாத குணம் இங்கே உதவுகிறது. லேபுக்கு 10 மைக்ரோலிட்டர் லூப் (மாதிரியை அளந்து தட்டில் தடவும் வளையம்) போடச் சொல்லி எழுதுங்கள். 1 மைக்ரோலிட்டர் லூப்பில் ஒரு காலனி (தட்டில் வளரும் கிருமித் திட்டு) என்றாலே மி.லி.க்கு 1000, அதற்குக் கீழே இருப்பது கண்ணில் படாது. மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஃபிரிட்ஜில்.

இரவுப்பணி:
மேலே சொன்ன அழுத்தும் வேலை காய்ச்சல் இல்லாதவருக்கு மட்டும். குளிர் நடுக்கம், காய்ச்சல், நீர் அடைப்பு என்று வந்தால் அழுத்தவே கூடாது, கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். அங்கே ரத்தக் கல்ச்சர், ஊசி மருந்து, அட்மிஷன். சர்க்கரைக்காரருக்குச் சரியான மருந்து கொடுத்தும் 48–72 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும்.

இவருக்குச் சோதனை பாசிட்டிவ் என்றால், கிருமி கேட்குமானால், லெவோஃப்ளாக்சசின் 500 மி.கி. ஒரு வேளை அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி. இரு வேளை, 4 முதல் 6 வாரம். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்த்து அளவு குறைக்க வேண்டியிருக்கலாம். பத்து நாளில் 'நல்லாயிடுச்சு' என்று நிறுத்துவதுதான் பலருக்கு நோயைத் திருப்பிக் கொண்டுவருகிறது. சிப்ரோவைக் கால்சியம், இரும்பு, ஜெலூசில் வகையறாவுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். முதல் வாரம் குளுக்கோமீட்டர் கையில் இருக்கட்டும். குதிகால் தசைநாணில் வலி வந்தால் அன்றே நிறுத்த வேண்டும்.

மாத்திரைப்பெட்டி:
பட்டியலில் சிப்ரோ, லெவோ இரண்டுமே 'ஆர்' (கிருமி கேட்காது). கோட்ரைமாக்சசோல் 'எஸ்'.

இரவுப்பணி:
நம் ஊர் ஈ.கோலைக்கு அது சகஜம். கோட்ரைமாக்சசோல் சுரப்பிக்குள் நன்றாகப் போகும்: 160/800 மாத்திரை, இரு வேளை, ஆறு வாரம். சல்ஃபா ஒவ்வாமை கேட்டுக்கொள்ளுங்கள். டெல்மிசார்டனோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஏறலாம். ஆரம்பிக்கும் முன்பும் 4–5 நாளிலும் பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்காமல் கொடுக்கவே வேண்டாம். கிளிமிபிரைடு எச்சரிக்கை இதற்கும் உண்டு.

அகார்தட்டு:
பி.எஸ்.ஏ. 9.2-ஐ இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தொற்றில் அது ஏறத்தான் செய்யும். மருந்து முடிந்து 6–8 வாரம் கழித்துத் திரும்ப எடுத்து, அப்போதும் இறங்கவில்லை என்றாலோ, மலக்குடல் சோதனையில் விரலுக்குக் கட்டி தட்டுப்பட்டாலோ அடுத்த கட்டம். சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். தேங்கும் நீரும் கல்லும் இருந்தால் எந்த மாத்திரையும் பலிக்காது.

சாவித்துவாரம்:
இந்தத் திரியைப் படிப்பவர்களுக்கு ஒரு மாற்றுக் குரல். வலி மட்டும் இருந்து கல்ச்சர் திரும்பத் திரும்ப சுத்தமாக வருபவர்கள் இதைப் பார்த்து லெவோ வாங்கிவிடாதீர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் கிருமி இல்லை, இடுப்பின் அடித்தளத் தசை இறுக்கமும் நரம்பும். தசைப் பயிற்சியும், சிறுநீர் வழித் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசினும் அங்கே பேச வேண்டியவை. சீழ் அணுக்கள் நிறைய, கல்ச்சர் சுத்தம் என்றால் காசநோயைத் தேடுங்கள்: அடுத்தடுத்து மூன்று நாள் விடிகாலைச் சிறுநீர். லெவோ காசக் கிருமியையும் அரைகுறையாக அடக்கும், அதனால் முதலில் மாதிரி, பிறகுதான் மாத்திரை. இளவயதுக்காரர் என்றால் முதல் நீரில் பாலுறவில் பரவும் கிளமிடியா, கொனோரியாவுக்கான பி.சி.ஆர். சோதனையும் சேர்த்து.