அப்ப கண்டுக்காம விட்ட பங்க், அண்டர்கிரவுண்ட் ராக் ஆல்பங்கள்: இப்ப திரும்பக் கேட்டவங்க சொல்லுங்க

கேசட்_காரன்:
ரொம்ப நாளா மனசுல கெடக்கு, சொல்லிடறேன். ஹஸ்கர் டூ பேண்டோட ஸென் ஆர்கேட். சீனியர் ஒருத்தர் சி-60 கேசட்ல பதிஞ்சு குடுத்தாரு. ஆல்பம் மொத்தம் 70 நிமிஷம், கேசட் 60 நிமிஷம், அப்ப என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். கடைசிப் பாட்டு ரீஅக்கரிங் ட்ரீம்ஸ், பாட்டுன்னு கூட சொல்ல முடியாது, வார்த்தையே இல்லாம கிட்டத்தட்ட 14 நிமிஷம் கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் போகும், அது தொடங்கி நாலஞ்சு நிமிஷத்துல டக்குன்னு பட்டன் மேல எழும்பிடும். எனக்கு அந்த ஆல்பம் அங்கதான் முடியும். அப்புறம் மெட்டல் பக்கம் போயிட்டேன், கேசட் எந்தப் பெட்டியில இருக்குன்னே தெரியல.

இப்ப சமீபத்துல ஹெட்போன்ல முழுசா போட்டேன். அந்த எடம் வருது, என் ஒடம்பே அந்த டக் சத்தத்துக்குக் காத்திருக்கு, தோள்பட்டை தானா இறுகுது, ஆனா சத்தம் வரல, பாப் மோல்டோட கிட்டார் பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கு, இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்கு. வீட்டை விட்டு ஓடற பையனோட கதை அந்த ஆல்பம், ஓடிப்போன எடம் வீட்டைவிட மோசமா இருக்கும், கடைசியில எல்லாமே கனவுன்னு வரும். அந்தக் கடைசியைத்தான் நான் கேட்கவே இல்ல. 1983ல ரெக்கார்டிங், ரெண்டு பாட்டு தவிர எல்லாமே முதல் டேக், மிக்ஸிங்கும் (பதிஞ்ச சத்தங்களை அளவு பாத்து ஒண்ணா சேக்கறது) சேத்து 85 மணி நேரத்துல முடிச்சிருக்காங்க. அந்த அவசரம் இப்பத்தான் காதுக்குப் புரியுது. உங்களுக்கு இப்படி ஏதாவது?

ஊதா_அட்டை:
எனக்கு எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ். ஜெர்ம்ஃப்ரீ அடலசென்ட்ஸ், 1978. அண்ணனோட ரெக்கார்டு, நான் தொடக்கூடாது, அதனால அட்டையை மட்டும் பாத்துட்டு வெச்சிடுவேன். பேண்டுல இருக்கறவங்க ஆளுக்கொரு பெரிய டெஸ்ட் ட்யூப்புக்குள்ள அடைஞ்சு நிப்பாங்க, அதைப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டும். அண்ணனுக்கே அது பிடிக்கல, "பொண்ணு கத்துது, சாக்ஸபோன் சுருதி சேரல"ன்னுவான், கிளாஷும் பிஸ்டல்ஸும்தான் அவனுக்கு பங்க். இப்ப வீடு மாறும்போது மொத்தக் குவியலையும் என் தலையில கட்டிட்டுப் போயிட்டான்.

துணி மடிச்சுக்கிட்டே போட்டேங்க. பாடகி பாலி ஸ்டைரீன் குரல் முழுக்க உச்சத்துலயே போகுது, பிளாஸ்டிக், விளம்பரம், சூப்பர்மார்க்கெட்னு எல்லாத்தையும் போட்டு வாங்கறாங்க, திடீர்னு டைட்டில் பாட்டு வருது பாருங்க, எல்லாம் மெதுவாயிடுது. சுத்தம் சுத்தம்னு பல்லு தேச்சுக்கிட்டே இருக்கற ஒரு பொண்ணைப் பத்தி, கோவமே இல்லாத குரல்ல, கிட்டத்தட்ட தாலாட்டு மாதிரி. மடிச்சுக்கிட்டிருந்த சட்டையைக் கையிலயே வெச்சுக்கிட்டு ஒக்காந்துட்டேன். இதைப் பாடும்போது அவங்களுக்கு 21 வயசு. பல்லுல கம்பி போட்டுக்கிட்டு மேடையேறினவங்க. 2011ல 53 வயசுல போயிட்டாங்க, அது எனக்கு இப்பதான் தெரியும், அதுதான் உறுத்துது. அந்தப் பாட்டு பிரிட்டன் சார்ட்ல 19ஆவது எடம் வரைக்கும் போயிருக்கு, ஆனாலும் நம்ம பசங்க போடற லிஸ்ட்ல எப்பவும் அதே நாலு ஆம்பளை பேண்டுதான். யாரையும் குத்தம் சொல்லல, லிஸ்ட் போடறவங்க ஒரு தடவை இதைக் கேட்டுட்டுப் போடுங்கன்னு சொல்றேன்.

மூணு_கார்டு:
கேசட்_காரன் ப்ரோ, நீங்க ஹெட்போன்ல கேட்டது எந்த வெர்ஷன்னு சொல்லவே இல்லையே. இது முக்கியம். இப்ப வர்ற பாதி பழைய ஆல்பம் நாம கேட்ட ஆல்பமே இல்ல. ஸ்டூஜஸோட ரா பவர் எடுத்துக்கோங்க, 1973ல வந்தது, டேவிட் போவி மிக்ஸ் பண்ணினது, 24 டிராக் டேப்புல மூணு டிராக்லதான் சத்தமே இருந்துச்சு, மொத்த பேண்டும் ஒரு டிராக், லீட் கிட்டார் ஒண்ணு, குரல் ஒண்ணுன்னு போவியே சொல்லியிருக்காரு, அப்புறம் அவரு என்னதான் பண்ணுவாரு. அதனால கிட்டார் மூஞ்சிக்கு நேரா நிக்கும், பேஸ் எங்கயோ பக்கத்து ரூம்ல வாசிக்கற மாதிரி இருக்கும். நான் வளந்தது அந்த மெலிஞ்ச சத்தத்துலதான். 1997ல பேண்டோட பாடகர் இக்கி பாப்பே திரும்ப மிக்ஸ் பண்ணினாரு, எல்லா லெவலும் சிவப்புல, அதை மொதல்ல போட்டப்ப ஸ்பீக்கர் கிழிஞ்சுடுச்சுன்னே நெனச்சு ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரை அணைச்சேன். ஜேம்ஸ் வில்லியம்சன் கிட்டாருக்குக் கீழ இத்தனை எடை இருந்துச்சான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இருந்தாலும் எனக்கு போவி மிக்ஸ்தான் வேணும். ரீப்ளேஸ்மென்ட்ஸ் பேண்டோட டிம் ஆல்பத்துக்கும் இதே கதை, 1985ல ரமோன்ஸ் பழைய டிரம்மர் டாமி எர்டெலி பண்ணினது, 2023ல எட் ஸ்டேசியம் புது மிக்ஸ் போட்டு எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க, வரலாற்றை அழிக்கற வேலை இது.

பேஸ்_பக்கம்:
அழிக்கல. பழைய டிம் எங்கயும் போகல, அதே தொகுப்புக்குள்ளயே பழைய மிக்ஸும் ரீமாஸ்டர் ஆகி இருக்கு. நான் அந்த ஆல்பத்தை வெறுத்தவன், டிரம்ஸ் சத்தம் அப்படி. புது மிக்ஸ்ல முதல் பாட்டு ஹோல்ட் மை லைஃப் தொடங்கினதும் டிரம்மர் கிரிஸ் மார்ஸ் கட்டை கையில இருக்கறது தெரியுது, டாமி ஸ்டின்சன் பேஸ் ஒவ்வொரு நோட்டும் தனியா கேக்குது, அந்தப் பையன் அப்ப டீன் ஏஜ்ல இருந்தவன், என்னமா வாசிச்சிருக்கான். மூணு_கார்டு, உங்களுக்குப் பிடிச்சது நீங்க மொதல்ல கேட்டது, அவ்வளவுதான். அதுல தப்பில்ல, ஆனா அதை வரலாறுன்னு சொல்லாதீங்க.

கேசட்_காரனுக்கு ஒண்ணு: ஸென் ஆர்கேட் முதல் பக்கத்துல ட்ரீம்ஸ் ரீஅக்கரிங்னு ஒண்ணரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஒண்ணு இருக்கு பாருங்க, அந்தக் கடைசிப் பாட்டோட துண்டுதான், டேப்பைத் தலைகீழா ஓட்டினது. உங்க சி-60லயும் அது இருந்திருக்கும்.

டெட்ராய்ட்_தம்பி:
மிக்ஸ் சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். டெத்துங்கற பேண்டைப் பத்தி யாருமே பேசலியே? டெட்ராய்ட், ஹாக்னி அண்ணன் தம்பி மூணு பேரு, டேவிட், பாபி, டானிஸ், கருப்பினப் பசங்க, 1975ல ரெக்கார்ட் பண்ணிட்டாங்க, ரமோன்ஸ் ஆல்பம் வர்றதுக்கு முன்னாடி. பேரை மாத்தினா பாத்துக்கலாம்னு பெரிய கம்பெனி சொல்லுது, டேவிட் மாட்டேங்கறாரு. அவங்களே காசு போட்டு 1976ல ஒரு சிங்கிள், 500 காப்பி. அதோட முடிஞ்சுது. டேவிட் 2000ல செத்துட்டாரு, ஆல்பம் ட்ராக் சிட்டிங்கற லேபிள் மூலமா வெளிய வந்தது 2009ல.

எங்க காலேஜ் ஹாஸ்டல்ல ஒருத்தன் கலெக்‌ஷன் டேப்புல அந்த சிங்கிள்ல இருந்த பாலிடிஷியன்ஸ் இன் மை ஐஸ் இருந்துச்சு, பேரு எழுதல, "தெரியாதது"ன்னு மட்டும் எழுதியிருந்தான். நாங்க அதைத் தாண்டி ஓட்டிடுவோம். 2009க்கு அப்புறம் ஒருநாள் எங்கயோ அந்த பேஸ் ஓட்டம் காதுல விழுது, டடடடன்னு ஒரே மூச்சுல, அப்புறம் நடுவுல திடீர்னு எடம் விட்டு நிக்குமே, அங்க எனக்கு மயிர்க்கூச்செரிஞ்சுடுச்சு. "தெரியாதது"! நண்பனுக்கு உடனே போன் போட்டேன், அவனுக்கு டேப்பே ஞாபகம் இல்ல. அது அவன்கிட்ட எப்படி வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, 500 காப்பியில ஒண்ணுலேர்ந்து எத்தனை கை மாறி வந்திருக்கும்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

ஸ்பூல்_மாமா:
தம்பிகளா, பழைய கேசட்டை யாராவது தேடி எடுத்தா அப்படியே மெஷின்ல சொருகிடாதீங்க. என் கதை சின்னது: பேட் பிரெய்ன்ஸோட 1982 ஆர்.ஓ.ஐ.ஆர் லேபிள் கேசட், மஞ்சள் கலர், அப்ப கேசட்டா மட்டுமே வந்தது, பல வருஷம் கழிச்சு டப்பாவைத் தெறந்தா உள்ள அந்தக் குட்டி ஃபெல்ட் துண்டு உதிர்ந்து தனியா கெடக்கு. பே டு கம் கேட்கணும்னு கை துடிக்குது, ஒண்ணரை நிமிஷப் பாட்டு, கேட்க முடியல.

அந்த ஃபெல்ட்தான் டேப்பை, சத்தம் படிக்கற ஹெட்டோட ஒட்ட வெக்கறது. அது இல்லாட்டி சத்தம் மங்கி மங்கி வரும், டேப் மேல குத்தம் இல்ல. வேற வேண்டாத கேசட்லேர்ந்து எடுத்து மாத்தலாம். ஸ்க்ரூ போட்ட கேசட்னா கழட்டறது சுலபம், ஒட்டின மாடல்னா ஓரத்துல பொறுமையா பொளக்கணும், டேப்பைப் புது கூட்டுக்கு மாத்தணும். போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை கடைசி வரைக்கும் ஃபார்வர்ட், ஒரு தடவை ரீவைண்ட், ஏன்னா வருஷக்கணக்கா சும்மா இருந்த சுத்து இறுகி ஒட்டியிருக்கும். ஹெட்டையும் டேப்பை இழுக்கற கேப்ஸ்டனையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல தொடைங்க, ரப்பர் ரோலர்ல அதை அடிக்கடி போட்டா ரப்பர் வறண்டு போயிடும். கேசட் பின்னாடி இருக்கற சின்ன பிளாஸ்டிக் துண்டை ஒடிச்சு விடுங்க, தெரியாம ரெக்கார்ட் பட்டன் அமுங்கினா போச்சு. டால்பி (இரைச்சல் குறைக்கற வசதி) போட்டு பதிஞ்ச டேப்புக்கு மட்டும் டால்பி ஆன், இல்லாட்டி மேல் சத்தம் எல்லாம் செத்துடும். பாட்டு மெதுவா இழுத்தா டேப்பைத் திட்டாதீங்க, மெஷினோட பெல்ட் தளந்திருக்கும். அஸிமுத் ஸ்க்ரூவை (ஹெட்டோட சாய்வைச் சரி பண்றது) மோனோல வெச்சு கேட்டுக்கிட்டே கால் திருகு திருகுங்க, ஹைஹேட் எங்க பளிச்சுன்னு வருதோ அங்க நிறுத்துங்க. சி-120 வெச்சிருக்கறவங்க இன்னும் ஜாக்கிரதை, டேப் ரொம்ப மெல்லிசு. ரெக்கார்டு வெச்சிருக்கறவங்களுக்கு தனியா எழுதறேன், இப்போதைக்கு படுக்க வெச்சு அடுக்காதீங்க, நிமித்தி வைங்க, பழைய பிவிசி உறையிலேர்ந்து எடுத்துடுங்க, அது காலப்போக்குல தட்டு மேல வெள்ளையா படலம் கட்டும்.

ஹார்ன்_செக்‌ஷன்:
மாமா, அஸிமுத் ஸ்க்ரூவை எல்லாரையும் திருகச் சொல்லாதீங்க, ஒரு டேப்புக்காகத் திருகினா மத்த டேப்பெல்லாம் மங்கிடும், திரும்ப பழைய எடத்துக்குக் கொண்டுவரத் தெரிஞ்சவங்க மட்டும் பண்ணட்டும்.

எனக்கு செயின்ட்ஸ். பிரிஸ்பேன் பேண்டு, ஸ்ட்ராண்டட் சிங்கிளை 1976 செப்டம்பர்ல சொந்த லேபிள்ல போட்டாங்க, பிரிட்டனோட முதல் பங்க் சிங்கிள்னு சொல்ற டேம்ன்டோட நியூ ரோஸ் அக்டோபர்லதான். இது எல்லாரும் சொல்ற விஷயம், அதுக்கு மேல யாரும் போறதில்ல. 1978ல எட்டர்னலி யுவர்ஸ், முதல் பாட்டு நோ யுவர் ப்ராடக்ட், தொடங்கறதே பித்தளை வாத்தியம், ட்ரம்பெட்டும் சாக்ஸும் சேந்து சும்மா எட்டி ஒதைக்கும். எங்க செட்டுல அது வந்தாலே "கல்யாண பேண்டு"ன்னு சொல்லி ஓட்டி விட்டுடுவானுங்க. கிரிஸ் பெய்லி 2022ல போனப்ப தனியா ஒக்காந்து முழுசா கேட்டேன். அந்த பித்தளைக்கு நடுவுல எட் குப்பர் கிட்டார் கொஞ்சம்கூட எறங்கல, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளுது, மேல பெய்லி அலட்சியமா வாயைத் தொறக்காமலே பாடற மாதிரி பாடறாரு. அதே வருஷம் ப்ரீஹிஸ்டாரிக் சவுண்ட்ஸ் போட்டாங்க, இன்னும் மெதுவா, இன்னும் ஹார்ன்ஸ், அதோட அந்த செட்டு பிரிஞ்சுடுச்சு. மூணு வருஷத்துக்குள்ள இவ்வளவு தூரம் நடந்த பேண்டை முதல் சிங்கிளோட நிறுத்திடறது அநியாயம்.

காதுல_இரைச்சல்:
இவ்வளவு நாள் படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன். மிஷன் ஆஃப் பர்மா, வெர்ஸஸ், 1982. பாஸ்டன் பேண்டு. கிட்டாரிஸ்ட் ரோஜர் மில்லருக்குக் காதுல விடாத இரைச்சல் வந்து, துப்பாக்கி சுடற எடத்துல மாட்டற ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு வாசிச்சாரு, 1983ல பேண்டையே நிறுத்திட்டாங்க. எனக்கும் இப்ப அதே இரைச்சல், ராத்திரியில ஜாஸ்தி. அந்த வயசுல இந்த ஆல்பத்தை முழு வால்யூம்ல போட்டு, ஒரே சத்தக் காடா இருக்குன்னு தூக்கி வெச்சவன் நான், இப்ப டாக்டர் சொன்ன அளவுக்குள்ளதான் கேட்க முடியும். அப்படி சின்ன வால்யூம்ல கேட்டப்பதான் கிட்டாருக்குப் பின்னாடி வேற ஏதோ ஓடறது காதுல பட்டுச்சு, அதே கிட்டார் ஒரு நொடி கழிச்சு கோணலா திரும்பி வருது. மார்ட்டின் ஸ்வோப். மேடையில நிக்க மாட்டாரு, சவுண்ட் மிக்ஸர் பக்கத்துல ஒக்காந்து, வாசிக்கறதை அப்பவே டேப்புல பதிஞ்சு, வளைச்சு திரும்ப உள்ள விடுவாரு. நாலாவது ஆள் ஒருத்தர் அந்த ரெக்கார்டுல இருக்கறதே எனக்கு இத்தனை காலம் தெரியல. 2002ல பேண்டு திரும்பி வந்தப்ப அவரு வரல, பாப் வெஸ்டன் அந்த வேலையை எடுத்துக்கிட்டாரு.

அந்த ஆல்பத்துல இருக்கற ட்ரெம் டூ பாட்டுல எங்கெங்க ஸ்வோப் கைவரிசைன்னு பிரிச்சுக் கேட்கத் தெரிஞ்சவங்க நிமிஷக் கணக்கோட எழுதுங்க. சின்னப் பசங்க கச்சேரிக்குப் போனா இயர்ப்ளக் போட்டுட்டுப் போங்கப்பா.