ஐஎஸ்டி1820 லூப்பர்: ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’ சத்தம், ஒலிமேல் ஒலி அடுக்க வழி உண்டா?

கேள்வி: குழலோசை

ஐஎஸ்டி1820 சில்லு பொருத்திய ஒலிப்பதிவு மாட்யூலை வைத்து ஒரு சிறிய லூப்பர் (பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் கருவி) செய்திருக்கிறேன். இரண்டு ஏஏ பேட்டரி, 8 ஓம் ஸ்பீக்கர், ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். மறுஒலிப்பு ஜம்பரைப் போட்டுவிட்டால் பதிந்தது ஓயாமல் சுற்றுகிறது. குழலில் ஒரு நீண்ட சுரத்தைப் பதிந்து, அதையே சுருதியாக வைத்துக்கொண்டு வாசித்துப் பழகத்தான் இதைச் செய்தேன்.

ஆனால் ஒவ்வொரு சுற்றும் முடிந்து தொடங்கும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். மின்வழங்கலுக்குக் குறுக்கே 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்தும் அது போகவில்லை. இதில் பதிய முடிகிற 10 விநாடி எனக்குப் போதவில்லை. ஒரு மின்தடையை மாற்றினால் 20 விநாடி வரை போகலாம் என்கிறார்கள், செய்யலாமா? பதிந்ததன் மேலேயே இன்னொரு ஒலியை அடுக்கவும் ஆசை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழையரேடியோ

மின்தேக்கியை விட்டுவிடுங்கள். பலகையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பதிவுக்கான ‘ரெக்’ பொத்தானும் மைக்கும் ஒரே பலகையில் விரற்கடை தூரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பொத்தானை அழுத்தும்போதும் விடும்போதும் எழும் அதிர்வு பலகை வழியாக நேரே மைக்குக்குள் போகிறது. சுற்றின் தலையிலும் வாலிலும் உங்கள் விரலோசையே பதிவாகியிருக்கிறது. போதாக்குறைக்கு, இந்தச் சில்லின் முன்பெருக்கியில் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு உண்டு. வாசிப்பு தொடங்காத அந்தக் கணத்தில் அது பெருக்கத்தை உச்சத்தில் வைத்திருக்கும். சின்னத் தட்டலும் பெரிதாகக் கேட்கும்.

சந்தேகம் இருந்தால் பொத்தானைத் தொடாமல் பதிந்து பாருங்கள். ‘ரெக்’ முனையிலும் விசிசி முனையிலும் (பேட்டரியின் நேர்முனை சேரும் இடம்) ஆளுக்கொரு கம்பியைச் செருகி, அவற்றின் மறுமுனைகளைப் பலகைக்குத் தள்ளி, காற்றிலேயே ஒன்றோடொன்று தொடவிடுங்கள். தொட்டிருக்கும் வரை பதிவாகும். அந்தப் பதிவில் ‘டக்’ இல்லையென்றால் காரணம் தெரிந்துவிட்டது. பிறகு மைக்கைச் சாலிடர் நீக்கி, ஓர் அடி நீள ஷீல்டு கம்பியில் வெளியே கொண்டுவந்து பஞ்சில் பொதியுங்கள். பொத்தானையும் தனியாகப் பிரித்துக் காலால் அழுத்தும்படி வைத்தால் இரு கையும் குழலுக்கே கிடைக்கும்.

இதற்குப் பிறகும் சுற்று திரும்பும் இடத்தில் ஒரு நூலளவு இடைவெளி இருக்கும். அது இந்தச் சில்லின் இயல்பு. மூச்சோடு எழுந்து மூச்சோடு அடங்கும் சொற்றொடர்களில் அது தெரியாது. இழுத்துப் பிடித்த சுரத்தில் பளிச்சென்று தெரியும். சுருதிக்கு நான் சொல்லும் வழி: இரண்டு மாட்யூல்களில் அதே சுரத்தை வெவ்வேறு நீளத்தில் பதியுங்கள், ஒன்றில் 7 விநாடி, மற்றதில் 9 என்பது போல. ஒன்று தடுக்கும் இடத்தில் மற்றது ஒலித்துக்கொண்டிருக்கும். இரண்டு குழல்கள் சேர்ந்து ஊதுவது போல மெல்லிய அலைவும் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஒலி அது.

20 விநாடிக்கு ஆசைப்படாதீர்கள். உள்ளே நினைவகம் அதேதான். ஒலியை விநாடிக்குக் குறைவான தடவை அளந்து, அதாவது மெதுவாக மாதிரி எடுத்துத்தான், நேரத்தை நீட்டுகிறது. அந்த மின்தடை 80 கிலோஓம் என்றால் 8 விநாடி, 3.4 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். 200 கிலோஓம் என்றால் 20 விநாடி, ஆனால் 1.3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது. குழலின் காற்றோசை முழுவதும் செத்துவிடும்.

ஆனால் அந்த மின்தடையை மாற்றத்தான் வேண்டும், வேறொரு காரணத்துக்காக. சில்லின் 10ஆம் காலில் இருக்கும் அதை எடுத்துவிட்டு, 82 கிலோஓம் மின்தடையோடு 100 கிலோஓம் மாறுமின்தடை ஒன்றைத் தொடராக இணையுங்கள். குமிழை மின்தடை மிகுந்த கோடியில் வைத்துப் பதிந்து, மறுகோடிக்குத் திருப்பி ஒலிக்கவிட்டால் வேகம் இருமடங்குக்குச் சற்று மேலே போகும். சுரம் ஒரு ஸ்தாயி தாண்டி ஏறும். திருப்பித் திருப்பி வாசிக்கலாம். பெட்டி வாத்தியமாவது இந்தக் குமிழால்தான்.

பதில்: பிட்டும்பைட்டும்

அடுக்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தச் சில்லில் புதுப்பதிவு பழையதை அழித்துவிடும். ஒரு மாட்யூலை ஒலிக்கவிட்டு, அதோடு வாசித்து இன்னொன்றில் பதியலாம். இரண்டு மூன்று படிகளிலேயே ஒலி மங்கி இரைச்சல் ஏறிவிடும்.

முறையாகச் செய்ய மைக்ரோகண்ட்ரோலர் (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிச் சில்லு) வேண்டும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் தொடங்காதீர்கள்: அதன் நினைவகம் 2 கிலோபைட். விநாடிக்கு 8,000 மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு பைட் என்றாலே கால் விநாடியில் நிரம்பிவிடும். டீன்சி 4.1 என்னும் மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் அடிப்பக்கத்தில் 8 மெகாபைட் நினைவகச் சில்லைச் சாலிடர் செய்ய இடம் இருக்கிறது. 44,100 மாதிரி, 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் விநாடிக்கு 88,200 பைட். ஒன்றரை நிமிடம் தாராளமாகக் கிடைக்கும்.

நிரலின் உயிர்நாடி ஒரே வரி. பழைய மாதிரியைப் படித்து, 0.9ஆல் பெருக்கி, புதிய மாதிரியைக் கூட்டி, அதே இடத்தில் எழுத வேண்டும். அந்த 0.9 முக்கியம். பழைய அடுக்குகள் ஏழு சுற்றுகளில் பாதிக்கும் கீழே தேய்ந்து புதியவற்றுக்கு இடம் விடும். கூட்டுத்தொகை 32,767ஐத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் எண் எதிர்மறைக்குத் தாவி ஸ்பீக்கர் வெடிப்பது போல அலறும். சுற்றின் முனைகளை 441 மாதிரி அளவுக்கு, அதாவது 10 மில்லிவிநாடிக்கு, ஒன்று இறங்க மற்றது ஏறும்படி கலந்துவிட்டால் ஒட்டு தெரியாது.

குழலோசை

கம்பியால் தொட்டுப் பதிந்து பார்த்தேன். ‘டக்’ அறவே இல்லை! மிக்க நன்றி ஐயா. இரண்டாவது மாட்யூலையும் சேர்க்கப் போகிறேன். இரண்டின் ஸ்பீக்கர் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி ஒரே ஸ்பீக்கரில் கொடுக்கலாமா?

பழையரேடியோ

கூடாது. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் சில்லே எதிரெதிராக இயக்குகிறது. இரண்டையும் முறுக்கினால் ஒரு சில்லு மற்றதோடு மல்லுக்கட்டும், சூடேறும். எந்த முனையையும் தரையில், அதாவது பேட்டரியின் எதிர்முனையில், இணைக்கவும் கூடாது. ஆளுக்கொரு ஸ்பீக்கர் வைப்பதே எளிது. ஒரே ஸ்பீக்கர்தான் வேண்டுமென்றால், ஒவ்வொன்றிலும் ஒரு முனையை மட்டும் எடுத்து, 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 10 கிலோஓம் மின்தடையும் தொடராக வைத்து, இரண்டையும் ஒரு சிறு ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டில் சேருங்கள். தரை எல்லாவற்றுக்கும் பொது. மின்வழங்கல் 5.5 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். உங்கள் இரண்டு பேட்டரியே போதும்.