மாரியில் மீனுக்குப் புகை போட்ட அனுபவம்: நீங்களும் எழுதுங்கள்

உப்புவெளியிலிருந்து:

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி புயல் திருகோணமலைக்கு வடக்கே திரியாய், குச்சவெளிப் பக்கம் கரையேறியது நினைவிருக்கும். எங்கள் வீட்டுக் கூரை தப்பியது, கரண்ட் போய்விட்டது. பிரிட்ஜின் ஐஸ் தட்டில் பாரையும் சூரையுமாக நாலு கிலோ மீன். புயலென்றால் கடலுக்கு யாரும் இறங்கமாட்டார்கள் என்று அம்மா முன்னமே வாங்கிப் போட்டிருந்தார்.

மறுநாள் திறந்தபோது பாரை இன்னும் கல்லாக இருந்தது. கதவோரம் இருந்த சூரை இளகித் தண்ணீர் விட்டிருந்தது. பெரியப்பா தொட்டுப் பார்த்ததும் "இதைத் தாட்டு விடு" என்றார். எனக்கு மனமே வரவில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. சூரை குளிர் விட்டுக் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறிவிடும். சுட்டாலும் புகை போட்டாலும் அது அழியாது. தின்றவருக்கு முகம் சிவந்து தலையிடிக்கும், உடம்பு தடிக்கும்.

பாரையைப் பிளந்து உப்புத் தடவினோம். திருவெம்பாவை தொடங்கினால் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, அதனால் எல்லாவற்றையும் உடனே முடிக்க வேண்டும் என்ற அவசரம். பழைய தகரப் பீப்பாவின் அடியில் சிரட்டைத் தணல், மேலே கம்பி வலை. முதல் நாலு துண்டையும் ஈரத்தோடு வைத்து, நனைந்த பொச்சுமட்டையைத் தணலில் போட்டேன். வெள்ளையாக, கண் எரிய எரியப் புகை வந்தது. துண்டுகள் கரிபிடித்துக் கசந்தன. நாய்கூட முகர்ந்துவிட்டு விலகியது.

மிச்சத்தைப் பெரியப்பா விறாந்தைக் கயிற்றில் தொங்கவிட்டார். வாடைக்காற்றில் இரண்டு மணித்தியாலம். விரலை வைத்தால் நனையக்கூடாது, பசை மாதிரி லேசாக ஒட்ட வேண்டும். அப்போதுதான் புகை மீனில் சீராகப் படியும் என்றார். காய்ந்த விறகு, மெல்லிய நீலப்புகை, காற்று வரும் பக்கம் ஒரு தகரத் தடுப்பு. இங்கே மார்கழியில் குளிர் என்ன குளிர்! காற்றும் ஈரமும்தான் சூட்டைத் தின்கின்றன.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுதவே தொடங்கினேன். நடுவில் மழை கொட்டியது. பீப்பாவைக் குசினிக்குள் இழுத்து, தூவானம் அடிக்கிறதென்று யன்னலையும் சாத்தினேன். புகை அடங்கிவிட்டது, தணலும் சாம்பல் பூத்துக் கிடந்தது. இனி என்ன என்று நினைத்தேன். அரை மணித்தியாலத்தில் வாங்கில் இருந்த அம்மா "தலை சுத்துது தம்பி" என்று சுவரில் சாய்ந்தார். எனக்கும் நெற்றிப்பொட்டு இடித்தது. பெரியப்பா கதவை உதைத்துத் திறந்து, அவரை மழைக்குள்ளேயே வெளியே தூக்கினார். கரி தணியும்போதும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. அம்மா தேற இரண்டு மணித்தியாலம் ஆனது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். போகாததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

அலஸ்தோட்டத்தில் பிறந்து இப்போது கனடாவின் ஸ்காபரோவில்:

தம்பி, நீங்கள் எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே சிலர் கராஜுக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவைப் பாதி திறந்து விடுகிறார்கள். பாதிக் கதவு போதாது, அடுப்பு முழுக்க வெளியில்தான் நிற்க வேண்டும்.

நான் மைனஸ் 15இலும் கோழி சுட்டிருக்கிறேன். முதல் வருடம் கையடக்க பியூட்டேன் அடுப்பைக் கொண்டுபோனேன், எரியவேயில்லை. பியூட்டேன் பூச்சியப் பாகைக்குச் சற்றுக் கீழேயே வாயுவாக மாறுவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும், ஆனாலும் கடுங்குளிரில் அதன் அழுத்தம் குறைந்து சுவாலை சோர்ந்துவிடும். அடுப்பு சூடேற வழமையைவிட இரட்டிப்பு நேரம் கொடுக்கிறேன். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் கோழி வேகாது. தோல் கருகி உள்ளே சிவப்பாக இருந்த ஒரு நாளுக்குப் பிறகு வெப்பமானி வாங்கினேன். தடித்த இடத்தில் 74 பாகை காட்டினால்தான் எடுப்பேன்.

மூதூரிலிருந்து:

கரிச் சாக்கைச் சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள், மாரியில் ஈரத்தை இழுத்துவிடும். நாங்கள் மூடியுள்ள வாளியில்தான் வைப்போம். வேப்பம் விறகு வேண்டாம், கசக்கும். பெயின்ற் பட்ட பலகை அறவே கூடாது. ஒன்று கேட்கிறேன், அந்தப் பாரைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது? எத்தனை நாள் வைத்தீர்கள்?

உப்புவெளியிலிருந்து:

மூன்றரை மணித்தியாலம். முள்ளோரச் சதை வெள்ளையாகி, தானாகக் கழன்று வரும்வரை பொறுத்திருந்தோம். கருவாடுபோல நாள்கணக்கில் வெளியில் வைக்க முடியாது. கரண்டும் வரவில்லை, அதனால் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்து, பாணும் தேங்காய்ச் சம்பலுமாக அன்றிரவே முடித்தோம். தோல் தேன் நிறத்தில் இருந்தது. இப்போது பீப்பாவுக்கு முற்றத்தில் நாலு கம்பு நட்டு, பக்கமெல்லாம் திறந்தபடி தனியாக ஒரு தகரக் கொட்டில் போட்டிருக்கிறேன். மழை வந்தாலும் பீப்பா அங்கேதான். அம்மா காற்று வரும் பக்கமாக வாங்கைப் போட்டு இருந்துகொண்டு, எப்போது திருப்ப வேண்டும் என்று சொல்லுவார்.