மோதிரம் கழலவில்லை: 28 கி.மீ. ஓடினால் விரல் வீங்குமா?

மண்டபத்தான் (ஞாயிறு, மதியம் 12.40)

வணக்கம். வயது 36. மண்டபத்தில் போட் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறேன். ஜனவரியில் சென்னையில் முதல் முழு மராத்தான் ஓடப் பேர் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் 22 கி.மீ. ஓடும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் ஒரே குரலாக "தண்ணி பத்தலை" என்றார்கள். சரி என்று இன்று மச்சானைப் பைக்கில் பின்னாலேயே வரச் சொன்னேன். பாலம் ஏறி, தங்கச்சிமடம் தாண்டிப் போய்த் திரும்பினேன், 28 கி.மீ., 3 மணி 40 நிமிடம். பொன்னுருகக் காயும் புரட்டாசி, நிழலென்று ஒரு பொட்டு கிடையாது. கிலோமீட்டருக்கு ஒரு தடவை மச்சான் பாட்டிலை நீட்டினான். மொத்தம் 5 லிட்டர் கேன் காலி. வெறும் தண்ணீர்தான். அப்பாவுக்குப் பிரஷர் என்று எங்கள் வீட்டில் உப்பும் கம்மி.

வீட்டுக்கு வந்ததும் தலை விண்விண் என்று தெறிக்கிறது, குமட்டல். கல்யாண மோதிரம் சோப்பு போட்டும் கழலவில்லை. விரல் சாமை மாவில் பிடித்த கொழுக்கட்டை மாதிரி இருக்கிறது. கிளம்பும்போது 61.2 கிலோ, இப்போது 62.4. ஓடினால் எடை குறையத்தானே வேண்டும்? முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலி இருந்ததால் கிளம்பும்முன் ஒரு இபுப்ரூபன் போட்டேன், அதனாலா?

ஜிம்பாய் (12.52)

ப்ரோ, கிளியர் டீஹைட்ரேஷன். இன்னும் ரெண்டு லிட்டர் குடிச்சிட்டுப் படுங்க, சரியாயிடும்.

கீழக்கரை நர்ஸ் (1.05)

மண்டபத்தாரே, மேலே சொன்னதைக் கேட்காதீர்கள். இனி ஒரு மடக்கு வெறும் தண்ணீர்கூட வேண்டாம்.

5 லிட்டர் உள்ளே போயிருக்கிறது, வேர்த்தது அவ்வளவு இல்லை. மிச்சம் உடம்பிலேயே நிற்கிறது, அதுதான் அந்த 1.2 கிலோ. நீண்ட நேரம் உடம்பை வருத்தும்போது சிறுநீரைக் கட்டிவைக்கும் ஹார்மோனும் சுரக்கும். நீங்கள் போட்ட வலி மாத்திரையும் அதற்குத் துணை போகும். வேர்வையில் உப்பு போகிறது, உள்ளே வெறும் தண்ணீர் ஏறுகிறது, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. விரல் வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே வீக்கம் மூளையில் வந்தால்தான் ஆபத்து.

புதுக் கதை ஒன்றும் இல்லை. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோல் அல்லது அதற்குக் கீழே இருந்தது. ஓட்டத்தில் எடை கூடியவர்கள், நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். வேகமாக ஓடுகிறவனுக்குக் குடிக்க நேரம் ஏது?

வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஆள் மாறிப் பேசினாலோ உடனே ஆஸ்பத்திரி. நம்மூரில் "களைப்பா? ஒரு ட்ரிப்ஸ் போடு" என்பார்கள். சோடியம் பார்க்காமல் ஊசி ஏற்ற விடாதீர்கள். "ஓடினேன், 5 லிட்டர் குடித்தேன், எடை ஏறியிருக்கிறது" என்ற மூன்றையும் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

வலைக்காரன், பாம்பன் (4.20)

தம்பி, அக்கா சொன்னதுதான் சரி. நான் டாக்டர் இல்லை, முப்பது வருஷம் கடல். விடியுமுன் நீராகாரத்தில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக் குடித்துவிட்டுப் போவோம். தாகம் எடுத்தால் குடிப்போம், இல்லாவிட்டால் இல்லை. மச்சான் நீட்டுகிறான் என்பதற்காக யாரும் குடிப்பதில்லை.

அந்த எலும்பு வலியையும் விடாதே. விரலை வைத்து அழுத்திப் பார். நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்தால் ஆறும். ஒரே இடத்தில், ஒரு ரூபாய் அளவில் சுருக்கென்றால் ஓடாதே, காட்டு. மாத்திரை போட்டு ஓடுவது, இன்ஜின் ஹீட் விளக்கு எரியும்போது பல்பைப் பிடுங்குவது. உன் தொழிலில் நீ செய்வாயா?

மண்டபத்தான் (மூன்று வாரம் கழித்து)

நர்ஸ் லாத்தாவுக்கும் பாம்பன் அண்ணனுக்கும் நன்றி. அன்று ஐந்து மணிக்கு இரண்டு தடவை வாந்தி. போன இடத்தில் நுழைந்ததுமே ட்ரிப்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். மூன்றையும் சொன்னேன். சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் நிறுத்தச் சொல்லி ரத்தம் எடுத்தார்: சோடியம் 131. தண்ணீர் கிடையாது, உப்புப் போட்ட சூப் மட்டும், உட்கார்ந்திரு என்றார். ராத்திரி சிறுநீர் நாலைந்து தடவை கொட்டித் தீர்ந்தது. மோதிரம் தானாகவே கழன்றது.

எலும்பு வலி பரவலானதுதான். பத்து நாள் ஓட்டத்தை நிறுத்தி சைக்கிள் மிதித்தேன். நேற்று 20 கி.மீ., காலை நாலரைக்குக் கிளம்பினேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. அதிலேயே தாகத்துக்கு மட்டும் குடித்தேன், ஒன்றரை லிட்டர் போனது. 61.0 கிலோவில் கிளம்பி 60.2-ல் முடித்தேன். தலைவலி இல்லை.

மச்சானுக்குத்தான் வேலை போய்விட்டது. பாலத்து உச்சியில் பைக்கை நிறுத்திவிட்டு ரயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான்.