மலேசியாவில் அப்பா ஆகப் போகிறவர்களுக்கு: அந்த ஏழு நாள் விடுப்பு

கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ வேலைக்கு வந்த நம் பிள்ளைகள், வீட்டில் விசேஷம் என்று தெரிந்ததும் முதலில் ஆஸ்பத்திரிச் செலவைத்தான் விசாரிக்கிறார்கள். நியாயம்தான். அதே வாரத்தில் உங்களுக்குரிய தந்தையர் விடுப்பைப் பற்றியும் கேட்டு வைத்துவிடுங்கள்.

2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் வேலைச் சட்டத் திருத்தப்படி, மணமான ஆண் ஊழியருக்கு மனைவியின் ஒவ்வொரு பிரசவத்துக்கும் தொடர்ச்சியாக 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஐந்து பிரசவம் வரை. இரட்டைக் குழந்தை பிறந்தாலும் ஒரு பிரசவம்தான். சம்பளம் கொடுக்க வேண்டியவர் உங்கள் முதலாளி. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாதம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது என்று ஆபீசில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வரம்பு ஓவர்டைம் மாதிரியான சிலவற்றுக்குத்தான். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பதும் தடை இல்லை. (சபா, சரவாக்கில் வேலை என்றால் அங்கே தனிச் சட்டம், நான் சொல்வது தீபகற்பத்துக்கு.)

நிபந்தனை இரண்டு. விடுப்பு தொடங்கும் நாளுக்கு முன், அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். மனைவி கர்ப்பமாக இருப்பதை, எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்குக் குறைந்தது 30 நாள் முன்போ, முடியாதபோது குழந்தை பிறந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அப்போதோ முதலாளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்வது முதல் நிபந்தனையில்தான். சென்னை ஆபீசில் ஆறு வருடம் இருந்துவிட்டு அதே கம்பெனியின் கோலாலம்பூர் கிளைக்கு வந்திருப்பீர்கள். ஆனால் இங்கே நீங்கள் கையெழுத்துப் போட்டது ஒரு செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்துடன், அதாவது இங்கே பதிவான தனியார் நிறுவனத்துடன். சட்டப்படி அது வேறு முதலாளி. பழைய வருடங்கள் கணக்கில் வரும் என்று நம்பி இருக்க வேண்டாம். ஏஜென்சி மூலம் ஒரு வங்கியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள் என்றால், ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களைத்தான் கேட்க வேண்டும். குழந்தை வரப்போகிற நேரத்தில் நல்ல சம்பளத்துக்கு வேறு கம்பெனி கூப்பிட்டால், இந்த 12 மாதத்தையும் யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

12 மாதம் ஆகவில்லையா? எச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள். சட்டத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அதுவும் இல்லை என்றால் ஆண்டு விடுப்புதான். இரண்டு வருடத்துக்குக் குறைவான பணிக்குச் சட்டம் தருவது வருடத்துக்கு 8 நாள். அதனால் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதே கொஞ்சம் மிச்சம் பிடித்து வையுங்கள்.

இரண்டாவது நிபந்தனைக்கு வாய்வார்த்தை போதாது. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி, சூப்பர்வைசரிடம் சொன்னதோடு விட்டுவிட்டார். சூப்பர்வைசர் மாறிப் போனார். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் அந்த ஏழு நாளும் சம்பளமில்லா விடுப்பு என்று விழுந்திருந்தது. பிறகு போராடித்தான் வாங்கினார். நீங்கள் எச்ஆருக்கு நான்கு வரி மின்னஞ்சல் போடுங்கள்: மனைவி பெயர், டாக்டர் சொன்ன தேதி, வேலைச் சட்டத்தின் 60எஃப்ஏ பிரிவின் கீழ் விடுப்பு கேட்கிறேன் என்ற ஒரு வாக்கியம். கூடவே திருமணப் பதிவுச் சான்றிதழும், தேதி எழுதியிருக்கும் ஆஸ்பத்திரி அட்டையின் படமும். விடுப்பு எந்த நாளிலிருந்து தொடங்கும் என்பதையும் அதிலேயே கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள்.

தலைப்பிரசவத்துக்கு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் நம்மில் நிறைய. பிரசவம் மலேசியாவில்தான் நடக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் தொடர்ச்சியாக ஏழு நாள் என்பதால் இடையில் வரும் ஞாயிறும் பொது விடுமுறையும் அதிலேயே போய்விடும். திருச்சிக்குப் போய் வருகிற நேரமும் அதில்தான். பின்னால் ஆண்டு விடுப்பைச் சேர்த்துக் கேட்டால்தான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியும். வளைகாப்புக்கே எல்லா லீவையும் தீர்த்துவிடாதீர்கள்.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். 22 வாரத்துக்குப் பிறகு நடக்கும் பிரசவத்தில் குழந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் சட்டம் அதைப் பிரசவமாகத்தான் கொள்கிறது. விடுப்பு உண்டு. அந்த நேரத்தில் மனைவி பக்கத்தில் இருங்கள். மின்னஞ்சலை உங்களுக்காக ஒரு நண்பர் எழுதட்டும்.

ஒப்பந்தத்தில் தந்தையர் விடுப்பு இல்லை என்று எழுதியிருந்தாலும், சட்டத்தைவிடக் குறைவாகத் தரும் ஷரத்து செல்லாது. கேட்டும் தரவில்லை என்றால் உங்கள் பகுதி ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவில், அதாவது தொழிலாளர் அலுவலகத்தில், மின்னஞ்சல் நகலும் சம்பளச் சீட்டும் வைத்துப் புகார் கொடுக்கலாம்.

அப்புறம், குழந்தை இங்கேயே பிறந்தால் அந்த ஏழு நாளில் ஒரு காலைப் பொழுதைப் பதிவுத் துறைக்கு ஒதுக்குங்கள். பிறப்பைப் பதிய 60 நாள் அவகாசம் இருக்கிறது என்று தள்ளிப்போட வேண்டாம். அப்பா அம்மா இருவரும் இங்கே வேலைக்கு வந்த இந்தியக் குடிமக்கள் என்றால் குழந்தைக்கு மலேசியக் குடியுரிமை வராது. பிறந்த ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்து பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். குழந்தை உங்களோடு இங்கே தங்குவதற்கான டிபெண்டன்ட் பாஸுக்கும் அந்தப் பாஸ்போர்ட்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் தாள் பிறப்புச் சான்றிதழ். பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்திலேயே உங்கள் இருவர் பெயரும் அதில் இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பார்த்துவிடுங்கள்.