குழந்தை இல்லையென்று போனபோது டெஸ்ட் யாருக்கு முதலில் எடுத்தார்கள், கணவனுக்கா மனைவிக்கா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நீலவானம்:
மூன்று வருடமாக என் மனைவி ஏறாத ஸ்கேன் மேசை இல்லை. தைராய்டு, பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், சினைமுட்டை வளர்ச்சியைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன், அப்புறம் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் ஹெச்எஸ்ஜி. அது முடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். நான் கைப்பையை வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் என் பங்கு.

நாலாவதாகப் பார்த்த மருத்துவர்தான் ஃபைலைப் புரட்டிவிட்டு, "உங்க ரிப்போர்ட் எங்கே சார்?" என்றார். அப்படி ஒன்று இல்லை. அதுவரை யாரும் கேட்கவில்லை, நானாகவும் போய் எடுக்கவில்லை. எனக்கென்ன குறை என்ற நினைப்புத்தான், இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 லட்சம் அணுக்கள் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லையே 1.6 கோடி. ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று சில வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். பெரிய மாற்றமில்லை.

காரணம் வேரிகோசீல், விதைப்பைக்குள் ரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்வது. பொதுவாக ஆண்களில் நூற்றுக்கு 15 பேருக்கு இருக்குமாம். குழந்தைக்காகப் பரிசோதனைக்கு வரும் ஆண்களில் 35, 40 பேர் வரை. வலியே இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும் என்பதால், மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்த டெஸ்ட்.

குழந்தைக்காக அலையும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. எங்களுக்கு வேண்டியிருந்ததோ என் விந்தைப் பிடித்துக் கொடுக்க ஒரு சின்ன டப்பா!

மழைத்துளி:
எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் எடுத்துவிட்டார்கள். ஒரு வருடம் முயன்றும் ஆகாவிட்டால்தான் பரிசோதனை என்பார்கள். எனக்கு 36 என்பதால் ஆறாவது மாதமே வரச் சொன்னார்கள். முடிவு, எல்லாம் நார்மல். நார்மல் என்றால் ஏன் தங்கவில்லை என்று கேட்டால், 'காரணம் தெரியாத குழந்தையின்மை' என்று அதற்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இதைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு, "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுக்கலாமா என்று இருக்கிறது.

பழைய பயில்வான்:
உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவன் நான். வெளியிலிருந்து ஹார்மோன் வந்து இறங்கினால், விதைகளுக்குப் போகும் உத்தரவை மூளை நிறுத்திவிடும் என்று யாரும் சொல்லவில்லை. டெஸ்ட்டில் அணுக்கள் பூஜ்யம். ஊசியை நிறுத்தி எட்டு மாதம் கழித்து மெல்லத் திரும்பி வந்தன. எல்லோருக்கும் இப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாதாம். ஆண்மை கூடும் என்று போட்டுக்கொண்டது, என்னத்தைச் சொல்ல.

இரண்டு போதும்:
நான் எதிர்க்கரையிலிருந்து வருகிறேன். இரண்டாவது பிரசவத்தோடு கருக்குழாயைக் கட்டி வெட்டிவிட்டார்கள். ஏழு வருடம் கழித்து நாள் தள்ளிப் போனது. ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே என்று அசட்டையாக இருந்துவிட்டேன். ஒரு நாள் அடிவயிற்றில் ஒரு பக்கமாகப் பிடித்த வலியில் நிற்க முடியவில்லை, தலை சுற்றியது. கரு குழாயிலேயே தங்கியிருந்தது. அன்று இரவே ஆபரேஷன்.

இது அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது. அமெரிக்காவில் 1996-இல் வந்த பெரிய ஆய்வில், பத்து வருடத்தில் ஆயிரம் பேருக்கு 18 பேர் போல மறுபடி கருத்தரித்திருக்கிறார்கள். அதில் மூன்றில் ஒன்று என்னுடையதைப் போலக் கருப்பைக்கு வெளியே. ஆகவே கட்டிக்கொண்டவர்களும் நாள் தள்ளினால் டெஸ்ட் எடுங்கள்.

நீலவானம் கேட்ட கேள்வி இங்கேயும் பொருந்தும். 2019-இல் ஐ.நா. கணக்குப்படி கருத்தடை ஆபரேஷனை நம்பியிருந்த பெண்கள் 21.9 கோடி. ஆண் செய்துகொண்டதை நம்பியவர்கள் 1.6 கோடி. எங்கள் வீட்டில் என்னைத் தவிர வேறு யார் பேரும் பேச்சில்கூட வரவில்லை.

கடைசி பெஞ்ச்:
அந்த 1.6 கோடியில் நானும் ஒருவன். மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். பயந்ததுபோல் ஒன்றும் குறையவில்லை. ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, வெட்டுவது அணுக்கள் போகும் குழாயைத்தான். ஆனால் அன்றைக்கே பலன் கிடைக்காது. ஏற்கெனவே குழாயில் இருப்பவை தீர மூன்று மாதமாவது ஆகும், அதுவரை வேறு தடுப்பு வேண்டும். பிறகு டெஸ்ட் எடுத்து அணுக்கள் இல்லை என்று பார்க்க வேண்டும். என் நண்பன் அந்த டெஸ்ட்டுக்குப் போகச் சோம்பல்பட்டான். அவனுக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

நீலவானம்:
எல்லோருக்கும் நன்றி. மனைவியும் வாசித்தாள். ஒரு திருத்தம் போடச் சொல்கிறாள். அன்றைக்குக் கைப்பையை வாங்கிக்கொண்டது நர்ஸாம். நான் போன் பேசிக்கொண்டிருந்தேனாம்.