பாமினியில் உள்ள வரிக் கணக்கை யூனிகோடுக்கு மாற்ற உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மேலூர் அருகே உள்ள எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என வசூலிக்கும் தலைக்கட்டு வரிக் கணக்கு, பல ஆண்டுகளாக வேர்டு கோப்புகளில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு வந்துள்ளது. அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தால், புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியும் மற்ற இடங்களில் ஆங்கில எழுத்துகளுமாகத் தெரிகிறது. பெயரைத் தட்டித் தேடவும் வழியில்லை.

எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்ற, இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் ஒட்டிப் பார்த்ததில் தமிழ்ப் பகுதி சரியாகவே மாறுகிறது. ஆனால் அட்டவணை கலைந்துவிடுவதோடு, ஆங்கில எழுத்துருவில் உள்ள இனிஷியல்களும் சேர்ந்து மாறிவிடுகின்றன. ஆங்கிலத்தில் 'கே' (K) என்றிருந்தது 'மு' என்று வந்து நிற்கிறது. பார்ப்பதற்கு முறையான தமிழ் இனிஷியலாகவே இருப்பதால் பிழையென்று எவருக்கும் தோன்றாது. வரி ரசீது வேறொருவர் பெயரில் போய்விடும்.

வேர்டின் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் வசதியில் எழுத்துருவைக் குறிப்பிட்டுத் தேட முடிகிறது. எனினும் பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னும், யூனிகோடில் பின்னும் அமைவதால், ஒவ்வோர் எழுத்தாக மாற்றுவது பயன்படவில்லை.

பாமினியில் உள்ள சொற்களை மட்டும் மாற்றி, அட்டவணையைத் தொடாமல் விடும் மேக்ரோ (வேர்டுக்குள் தானாக இயங்கும் சிறு நிரல்) எவரிடமேனும் இருந்தால் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன். வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஆபிஸில் இயங்குவதாயினும் சரி. கணக்கில் ஊராரின் தொலைபேசி எண்கள் இருப்பதால், இணைய இணைப்பின்றிக் கணினியிலேயே இயங்கும் வழியாக இருத்தல் வேண்டும். எண்களை நீக்கிய மாதிரிக் கோப்பைக் கேட்பவர்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.